மூன்று அரபுச் சொற்கள்

நேற்றைய பாடம் கழுவப்பட்ட எழுத்துப்பலகைபோல் கீழ்வானம் தெளிந்து விளங்க, புத்தொளியானது தொழுகைமனையின் உயர்ந்த தூபியை முதலில் தொட்டு, நெருங்கி நிற்கும் வீடுகளின் கூரைவழியே படிப்படியாய் இறங்கி, அரபுப் பள்ளியின் நெடுங்கூடத்துள் புகும் வேளையில், ஆங்கே வரிசையாய் அமர்ந்த மாணாக்கர் முன்னும் பின்னும் அசைந்து ஓதும் ஓசை கடலொலிபோல் தெருவெங்கும் பரந்து நின்றது. அவ்வோசை சுவர் கடந்து வந்து சேரும் சிறுவீட்டில், கற்றறிந்தோரே, அப்பள்ளியின் தலைமையாசிரியர் பக்கவாதத்தால் ஒருபுறம் செயலற்றுக் கட்டிலில் கிடந்தார். கஞ்சிக் கிண்ணத்தை ஏந்தி அவர் மனைவி அருகிருந்தாள்.

அவரிடம் அரபு இலக்கணம் பயின்றோர் தொலைதூரத் துறைமுகங்களிலும் பிற நாட்டு நகரங்களிலும் அம்மொழியில் பாடஞ்சொல்லியும் வாணிகம் புரிந்தும், விளக்கினின்று விளக்கேற்றினாற்போல் அதனைப் பரப்பி வந்தனர். அத்தகையவரின் நாவை நோய் தீண்டியபோது தாய்மொழி முழுதும் அழிந்து, கற்ற மொழியின் ஒரு துணுக்கு மட்டும் எஞ்சியது. தண்ணீர் என்னும் சொல்லையும் மறந்த அவர், மனைவியின் முகத்தை உற்றுநோக்கி, கண்ணீர் மல்க, மூன்றே சொற்களை நாள்தோறும் மொழிவாராயினார்.

அவளோ அம்மொழியை எழுத்துக்கூட்டி ஓத அறிவாளேயன்றிப் பொருள் அறியாள். மணமான புதிதில் கற்றுத்தரும்படி கேட்டதுண்டு. அவர் நூலினின்று தலை எடுக்காமலே, "உனக்கு எதுக்கு அதெல்லாம்? ஓதத் தெரிஞ்சாப் போதாதா?" என்றார். அதன்பின் அவள் கேட்கவில்லை. இப்போதோ, காலமெல்லாம் சொல்லாது விட்ட அன்போ, பொறுத்துக்கொள் என்னும் வேண்டுதலோ அச்சொற்களில் இருத்தல் வேண்டுமென நம்பி, உழவன் விதைநெல்லைப் பொதிவதுபோல் அவற்றை ஒலி பிசகாமல் நெஞ்சில் பொதிந்து வைத்தாள்.

முன்னாள் மாணாக்கனாகி இந்நாளில் அப்பள்ளியிலேயே பாடம் நடத்தும் இளைஞன் ஒருவன் அவரைக் காண வந்தான். வாயிலிலேயே அவனை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாணத்துடன் கேட்டாள்.

"ளரப ஸைதுன் அம்ரன். இதுக்கு என்ன அர்த்தம், தம்பி?"

அவன் முகம் வாடிற்று. நல்லதாய் ஒரு பொய் சொல்ல வாயெடுத்தான். பொருளைத் திரித்தல் பெரும்பிழை எனக் கற்பித்தவரும் அவ்வாசிரியரே ஆதலின் பொய் எழவில்லை.

"ஸைது அம்ரை அடிச்சான்னு அர்த்தம், அம்மா. அடிச்சது யாரு, அடி வாங்கினது யாருன்னு பிரிச்சுக் காட்ட முதல் வருஷப் பிள்ளைங்களுக்குச் சொல்ற இலக்கணப் பாடம்."

"எனக்குன்னு அதுல ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

 அவள், அழாதீர்கள் என்பதை அம்மொழியில் எவ்வாறு சொல்வது என அவனிடமே கேட்டறிந்து, உள்ளே சென்று, கட்டிலருகே மண்டியிட்டு, வாழ்நாளில் முதன்முறையாகக் கணவனிடம் அவர் மொழியில் பேசினாள். சரியாய் ஒப்பித்த மாணவனை நோக்குவார்போல் அவர் தலையசைத்து, மீண்டும் ஸைதையும் அம்ரையும் சொல்லத் தொடங்கினார்.

மழைக்காலம் பிறக்குமுன் அவர் மறைந்தார். கடல் பல கடந்து பரந்த அம்மொழி, ஒரே வீட்டில் அவர் கட்டிலுக்கும் அவள் பாய்க்கும் இடைப்பட்ட ஒருமுழத்தைக் கடக்கவில்லை. நாடு பலவற்றினின்றும் வந்த மாணாக்கர் முற்றத்தில் குழுமி, அரபிலேயே ஆசிரியர் புகழை விரித்துரைத்தனர். உள்ளறையில் இருந்த அவள், அவர்கள் எவ்விடத்தில் விம்முகின்றனர் என்று செவிசாய்த்திருந்து, அவ்விடத்தில் தானும் அழுதாள்.