போலியோ சார்ஜு

லோகாம்பாள் பட்டுச்சேலைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவள். பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாணச் சேலைகளில் பாதி, அவள் பெட்டிக்குள் படுத்துத்தான் ஊரைவிட்டுப் போகும். பேங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறு வருஷம், கடைக்காரர்கள் பன்னிரண்டரை ரூபாய்க்குக்கூடச் செக்கு கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அவளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு பேங்கில் கணக்குத் திறந்தாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாஸ் புத்தகத்தில் மூன்று ரூபாய் குறைந்திருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ கிறுக்கியிருந்தது. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர் கம்பவுண்டர் கலியன் ஒருத்தர்தான். மருந்துச்சீட்டைப் படிக்கிற மாதிரி எட்டப் பிடித்துப் படித்தார்.

“லெட்ஜர்... போலியோ... சார்ஜு.”

“போலியோன்னா?”

“இளம்பிள்ளை வாதம்மா. புள்ளைங்களுக்குக் கால் சூம்பிப் போவுமே, அது. அதுக்குப் புடிச்சிருக்கான்.”

லோகாம்பாள் பாஸ் புத்தகத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். நாலு பெற்றவள் அவள். நாலும் ஓட ஆரம்பித்தால் பிடிக்க எட்டுப் பேர் வேண்டும். மறுநாள் பத்து மணிக்கு நாலுக்கும் தலை சீவி, பவுடர் பூசி, பேங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். புருஷன் அப்பாதுரை, “மூணு ரூபாதானேம்மா” என்று பின்னாலேயே வந்து, வாசலோடு நின்றுவிட்டான்.

“ம், ஓடுங்க” என்றாள் பிள்ளைகளிடம்.

இந்த மாதிரி ஒரு உத்தரவு அதுகளுக்கு ஜன்மத்தில் கிடைத்ததில்லை. மூத்தது கேஷியர் கூண்டைச் சுற்றியது. நடுவிலுள்ள இரண்டும் பெஞ்சு தாண்டின. கடைக்குட்டி ஏஜெண்டு அறைக்குள் பாய்ந்து, அவர் மேஜைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. அந்தக் காலத்தில் பேங்குக் கிளையின் பெரிய அதிகாரிக்கு ஏஜெண்டு என்று பேர். அவர் காப்பி டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

“பாத்துக்கினீங்களா சார்? எதுக்காவது கால்ல கோளாறு இருக்குதா? இல்லாத நோவுக்கு இன்னாத்துக்குப் பணம் புடிச்சீங்க?”

குமாஸ்தா வேணுகோபாலுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.

“அது போலியோ இல்லம்மா, ஃபோலியோ. லெட்ஜர்ன்னா கணக்கு நோட்டு, அதுல ஒரு பக்கம். உங்க கணக்கு எழுதி ஒரு பக்கம் ரொம்பினா ஒண்ணரை ரூபா. ரெண்டு பக்கம் ரொம்பிடுச்சு.”

“தொறக்கிறப்ப சொல்லலியே?”

“நீங்க கையெழுத்துப் போட்ட பாரத்துக்குப் பின்னால அச்சடிச்சிருக்குதும்மா.”

“எங்க, அந்தப் பக்கத்தைக் காட்டு.”

காட்டினான். வேணுகோபாலின் கையெழுத்து வாட்டசாட்டமானது. ஒவ்வொரு எண்ணும் விருந்துக்கு வந்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எட்டு மட்டும் இரண்டு வரி உயரம்.

“உன் எழுத்து காலை நீட்டிப் படுக்கறதுக்கு நான் வாடகை குடுக்கணுமா? பொடிசா எழுது சார்!”

கடைக்குட்டி இரண்டாவது சுற்றுக்கு மேஜையை நோக்கி வருவதை ஏஜெண்டு பார்த்தார். “பொடிசாவே எழுதித் தொலைங்க வேணுகோபால்!” என்று கத்தினார்.

அன்றிலிருந்து செக்குப் போட வரும்போதெல்லாம் லோகாம்பாள் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்று, “இன்னும் பொடிசு, இன்னும் பொடிசு” என்பாள். ஒரு வரியில் இரண்டு வரவு, பிறகு மூன்று. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் இருந்த புள்ளி, கடுகளவாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

ஐந்தாம் மாதம் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் கணக்குப் பார்க்க வந்தார். பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பக்கத்தைப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு லோகாம்பாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பசை வாளியைத் தள்ளிவைத்து இருவரையும் உட்காரச் சொன்னாள்.

“இவ்ளோ பணத்த சும்மா போட்டு வச்சிருக்கீங்களேம்மா. டெபாசிட்டா மாத்தினா நல்ல வட்டி வரும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எவ்ளோ சார் இருக்குது?”

“பத்தொம்பதாயிரத்து எரநூத்து எழுபத்தஞ்சு.”

அப்பாதுரை போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். லோகாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

“குடுங்க, வாங்கிக்கிறேன்.”

பாஸ் புத்தகத்தைப் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா இருந்தது. இன்ஸ்பெக்டர் ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்டு வாழைப்பழத்தைப் பார்த்தார். அதற்குள் பிள்ளைகள் பாதிச் சீப்பைத் தீர்த்திருந்தன.

மறுநாள் கணக்கு முழுவதையும் பெரிய எழுத்தில் திருப்பி எழுதச் சொல்லி உத்தரவு. நாலு பக்கம் ஆயிற்று. பேங்கு செய்த கூத்து என்பதால் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அடுத்த அரையாண்டில் மறுபடியும் நாலரை ரூபாய் பிடித்திருந்தார்கள்.

லோகாம்பாள் இந்தத் தடவை பேங்குக்குப் போகவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினாள். “மாசத்துக்கு ஒரே செக்கா குடுங்க. இல்லாங்காட்டி சேலைய நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடுத்துக்குங்க” என்றாள். கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. பக்கம் நிரம்புவது நின்றது.

பொடி எழுத்து எழுதி எழுதி வேணுகோபாலுக்குத்தான் மூக்குக்கண்ணாடி போட வேண்டியதாயிற்று. லோகாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியைக் கண்ணாடி வைத்துக்கொள்ளச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எவ்ளோம்மா?” என்றான் வேணுகோபால், நெகிழ்ந்துபோய்.

“உன்கிட்ட போய் காசு வாங்குவனா சார்? பெட்டி சும்மாதான்” என்றாள். “மூடிக்கு மட்டும் பத்து பைசா.”