திரையின் வலது மூலை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் காசிநாதனுக்கு இயந்திரங்கள் மேல் பக்தி அதிகம். அவற்றைப் பற்றிய அறிவு அந்த அளவுக்குக் கிடையாது. 2003-ஆம் வருஷத்து ஆயுத பூஜையன்று ஜெராக்ஸ் மிஷின், தண்ணீர் மோட்டார், இரண்டு வேன்கள், பள்ளிக்கூட மணி என்று எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவர், ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் நின்று கொஞ்சம் யோசித்தார். பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருக்கலாம். ஆனால் கண்ணாடிதான் அதற்கு முகம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கட்டை விரலால் சந்தனத்தை வழித்து, திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு, "இப்பத்தான் களையா இருக்கு" என்றார்.

பக்கத்தில் பொரிகடலைத் தட்டோடு நின்ற புஷ்பவல்லிக்குப் பகீரென்றது. பதினைந்து வருஷமாக அந்த ஆபீஸில் டைப் அடிப்பவள் அவள்தான். முதல் பதினோரு வருஷம் டைப்ரைட்டரில், பிறகு கம்ப்யூட்டரில். அவர் அப்பிய இடம் எது என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அந்த மூலையில்தான், கடிகாரத்தை ஒட்டினாற்போல, சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். ஒன்று ஒலிபெருக்கி, ஒன்று பிரிண்டர், ஒன்று மோடம், ஒன்று வைரஸ் தடுப்புக்கான பச்சைக் கேடயம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தபோது அங்கிருந்த மாஸ்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்ன மூலையப் பாருங்க. எல்லாம் ஒழுங்கா இருந்தா தொடுங்க. எதாச்சும் செவப்பாத் தெரிஞ்சா கைய எடுத்துட்டு என்னன்னு கேளுங்க." புஷ்பவல்லி அதைச் சொன்னபடியே செய்துவந்தாள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அந்த மூலையில் ஒன்பது படங்கள் இருந்தன. எது எதற்கு என்று, கம்ப்யூட்டர் விற்ற திருச்சிக் கடைக்கு போன் போட்டு விசாரித்து, வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நாலாகக் குறைத்து வைத்திருந்தாள். கூட்டம் குறைவாக இருந்தால்தான் முகம் மாறியது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

"அய்யா, பொட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாங்களா? அந்த எடத்துல பாக்க வேண்டியது இருக்கு" என்றாள்.

"வச்ச பொட்டை அழிக்கச் சொல்றியா நீ?" காசிநாதன் திரும்பிப் பார்த்த பார்வையில் பொரிகடலைத் தட்டு ஆடியது. "போன வருஷம் என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. போன வருஷம் பெருக்குகிறவள் ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கிறேன் என்று பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் மிஷின் நின்றுவிட்டது. உள்ளே ஒரு எலி குடும்பம் நடத்தியதுதான் காரணம் என்று ரிப்பேர் பார்க்க வந்தவன் எலியையும் எடுத்துக் காட்டினான். காசிநாதன் எலியை நம்பவில்லை. அன்றிலிருந்து பூஜைப் பொட்டு தானாக உதிரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டமாகிவிட்டது.

வேறு சமயமாக இருந்திருந்தால் புஷ்பவல்லி இன்னும் ஒரு வார்த்தை பேசியிருப்பாள். அந்தச் சமயம் அப்படிப்பட்டதல்ல. காசிநாதனின் மைத்துனர் மகள் நந்தினி அரியலூரில் பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். "ஜனவரியிலேருந்து அந்தப் புள்ளைய ஆபீஸ்ல உக்கார வச்சுடலாம்னு பாக்குறேன். நீ ஹாஸ்டல் ஸ்டோர்ல போயி அரிசி பருப்பு பாத்துக்க" என்று அவர் போன மாதமே சொல்லியிருந்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, பத்தாவது நாமினல் ரோல ஒரு தப்பு இல்லாம அடிச்சு அனுப்பு. அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரு கதவைக் கொஞ்சமாகத் திறந்தும் வைத்திருந்தார்.

நாமினல் ரோல் என்பது பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பட்டியல். நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து, பிறந்த தேதி, அப்பா பெயர் போட்டு, ஃப்ளாப்பியில் ஏற்றி, அக்டோபர் இருபதாம் தேதிக்குள் அரியலூர் கல்வி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பிசகு ஒட்டிக்கொள்ளும். புஷ்பவல்லிக்கு அது மட்டுமல்ல. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியே அந்தப் பட்டியலில்தான் நின்றது.

பொட்டு நாலு நாளில் உதிர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள். காசிநாதன் பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் குழைத்திருந்தார்; திரையின் சூட்டில் அது காய்ந்து, அரியலூர் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்து ஓரமாக எட்டிப் பார்ப்பாள். கடிகாரத்தில் பாதி தெரியும். கேடயம் பொட்டுக்கு நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. நல்லபடியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிடுவாள். உள்ளுக்குள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

படங்கள் நிற்கும் அந்தப் பட்டையையே இடம் மாற்றலாம் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தடவை மவுஸ் கைதவறி இழுபட்டு, கீழே கிடந்த பட்டை திரையின் இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டது. அதை மறுபடி இறக்குவதற்குள் காசிநாதன் பார்த்துவிட்டு, மிஷினைக் கெடுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் பேசினார். ஜனவரி வேறு தலைக்கு மேல் தொங்கும்போது அந்த வம்பு எதற்கென்று விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

பதிமூன்றாம் தேதி கணக்கு வாத்தியார் செல்லதுரை, ஜெயங்கொண்டத்தில் ஏதோ பிரவுசிங் சென்டரில் அடித்துக்கொண்டு வந்த கேள்வித்தாளை ஃப்ளாப்பியில் கொடுத்து, பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள். பதினேழாம் தேதி காலை, முதல் நாளே அடித்து முடித்திருந்த பட்டியலைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தாள். நாற்பதாவது பெயர் அய்யாக்கண்ணு மகன் தமிழழகன்வரை ஒழுங்காக வந்தது. நாற்பத்தொன்றிலிருந்து கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் ஓடியது. பத்திரத்துக்கு என்று ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்திருந்த பிரதியைத் திறந்தாள். அதிலும் அதே கட்டங்கள்.

தண்ணீர் குடித்தாள். பிறகு எதையும் யோசிக்காமல், பட்டையின் வெற்றிடத்தில் மவுஸை அழுத்தி ஒரே இழுப்பாக மேலே இழுத்தாள். பட்டை முழுவதும் திரையின் உச்சிக்குப் போய் நின்றது. கடிகாரமும் நாலு படங்களும் வலது மேல் மூலையில் பளிச்சென்று தெரிந்தன. கேடயம் பச்சையாக இல்லை. அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அதைத் தட்டினால், ஒரு வருஷக் கெடு ஒன்பதாம் தேதியோடு முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் வந்தது.

எட்டு நாளாகச் சந்தனத்துக்குப் பின்னால் நின்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செல்லதுரையின் ஃப்ளாப்பியில் வைரஸ் ஏறி வந்தபோது அதைத் தடுக்கக் கேடயத்துக்குச் சக்தி போய் நாலு நாள் ஆகியிருந்தது. புஷ்பவல்லிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் காசிநாதன் உள்ளே வந்தார். வைரஸ், பட்டியல் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கீழே இருந்த பட்டை மேலே இருந்தது மட்டும் பட்டது.

"என்னம்மா இது, தலகீழா நிக்குது! என்ன பண்ணித் தொலைச்ச?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் காதில் பாதிதான் ஏறியது. "பொட்டு மேல கண்ணு வச்சே பாரு, அதான். இனிமே நீ எதையும் தொடாத" என்று போனை எடுத்து அரியலூருக்குப் போட்டார்.

நந்தினி பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் பை, பைக்குள் ஒரு சிடி. நல்ல பெண்தான், வந்ததும் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று புஷ்பவல்லியைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள், மேல் மூலையைப் பார்த்தாள்.

"யாரு மாமா இத மேல இழுத்து விட்டது?"

"இவதான்" என்றார் காசிநாதன், திருடனைக் காட்டிக்கொடுக்கும் குரலில்.

"நல்லவேளக்கா. இல்லன்னா இது எக்ஸ்பயர் ஆனதே தெரிஞ்சிருக்காது. இந்த ஃப்ளாப்பி அப்படியே போயிருந்தா, கல்வி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வைரஸ் ஒட்டியிருக்கும்."

சொல்லிக்கொண்டே பட்டையைக் கீழே இழுத்து இறக்கினாள். அது பொட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. "என்னது இங்க?" என்றவள் துப்பட்டா நுனியில் எச்சில் தொட்டு, சரக்கு சரக்கென்று நாலு தேய்ப்பில் சந்தனத்தைத் துடைத்து எடுத்துவிட்டாள்.

புஷ்பவல்லி காசிநாதனைப் பார்த்தாள். அவர் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அப்புறம் சிரித்தார்.

"படிச்ச புள்ள பாரு, பட்டுனு செஞ்சுடுது."

புஷ்பவல்லிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. வந்ததை என்ன செய்வதென்று தெரியாமல், மேஜையில் கிடந்த அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

நந்தினி சிடியைப் போட்டு ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தாள். கேடயம் பச்சைக்குத் திரும்பியது. ஆனால் பட்டியலில் கெட்ட பகுதி திரும்ப வரவில்லை. எழுபத்திரண்டு பெயர்களை ரிஜிஸ்டரைப் பார்த்து மறுபடி அடித்தாக வேண்டும். இருபதாம் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"நந்தினி, நீயே உக்காந்து அடிச்சுடு. புஷ்பம், நீ பேரைப் படிச்சுச் சொல்லு" என்றார் காசிநாதன்.

நந்தினி கீபோர்டைப் பார்த்தாள். "இங்கிலீஷ்னா அடிச்சுடுவேன் மாமா. இது பழைய டைப்ரைட்டர் முறையில தமிழ். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"படிச்சுக்க எத்தன நாளாகும்?"

"நாளா? கை ஓடுறதுக்கே ஆறு மாசம் ஆவும்."

காசிநாதன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு பெரிய மனசு பண்ணியவர் போல, "சரி புஷ்பம், ஜூன் வரைக்கும் நீயே பாரு. அதுக்குள்ள இவ கத்துக்கிடுவா. உக்காரு, ஆரம்பி" என்றார்.

நந்தினி எழுந்து இடம் விட்டாள். புஷ்பவல்லி உட்கார்ந்தாள். விசைகள் மேல் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது.

"அய்யா, இந்த லிஸ்ட்ட நான் ராப்பகலா உக்காந்தாவது முடிச்சுத் தரேன். அதுக்கு முன்ன எனக்கு ஒரு ஆர்டர் போட்டுத் தாங்க."

"என்ன ஆர்டர்?"

"வேலைக்கு ஆர்டருங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க, வேன் டிரைவருங்க, வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் ஆர்டர் அடிச்சது நான்தான். எனக்கு ஒன்னு கேட்டப்ப அப்புறம் பாத்துக்கலாம்னீங்க. பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க. அது இருந்திருந்தா, மூலையில ஒன்னும் தெரியலன்னு அன்னிக்கே சத்தமாச் சொல்லியிருப்பேன். போகச் சொல்லிடுவீங்களோன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

காசிநாதன் நந்தினியைப் பார்த்தார். நந்தினி தன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, "குடுத்துடுங்க மாமா. இவங்க எழுந்து போயிட்டா அரியலூர்ல போயி என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

காசிநாதன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, அடி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

"நியமன ஆணை. திருமதி ஆ. புஷ்பவல்லி அவர்கள் இப்பள்ளியின் அலுவலகத் தட்டச்சராக…"

விசைகள் அவர் பேச்சுக்கு முன்னாலேயே ஓடின. இந்த வாசகத்தை அவள் எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறாள். பெயர் வரும் இடத்தில் மட்டும் விரல் ஒரு கணம் தடுமாறியது.

"…தற்காலிகமாக…" என்றார் காசிநாதன்.

விசைச் சத்தம் நின்றது. புஷ்பவல்லி திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். காசிநாதன் தொண்டையைச் செருமினார். மறுபடியும் காலண்டரைப் பார்த்தார்.

"சரி சரி, அந்த வார்த்தைய எடுத்துடு."

"அத நான் இன்னும் அடிக்கவே இல்லீங்கய்யா" என்றாள் புஷ்பவல்லி.