கறுப்பு ரப்பருக்கு வெள்ளை பெயின்ட்

கடற்படையில் ஒருவன் எத்தனை வழிகளில் சாகலாம் என்பதை மாமா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எதிரி, புயல், சுறா. நான்காவது விரலுக்கு ஒன்றும் அகப்படாததால் அதைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டார்.

"அவ்வளவுதான். எதிரின்னு இப்போ யாரும் கிடையாது. புயல் வந்தா முன்கூட்டியே சொல்லிடுறாங்க. சுறா, தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் கடிக்கும், யாரு இறங்கச் சொன்னா? கணக்குப் பார்த்தா எதிர்க்கடைக்கு ரோட்டைத் தாண்டிப் போறதை விடக் கப்பல்ல இருக்கிறதுதான் பத்திரம்."

மாமா கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடித்தவர். தன் பணிக்காலம் முழுவதிலும் அவர் நனைந்தது அணிவகுப்பு மைதானத்தில் பெய்த மழையில் மட்டும்தான். ஆனாலும் "நாங்கல்லாம் கடல்ல இருந்தப்போ" என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால்கூடக் கடல் அனுபவத்தை வைத்துத்தான் கருத்துச் சொல்வார்.

அவர் உட்கார்ந்திருந்தது அக்காவின் சலவைக் கடையின் பின்னறையில். துறைமுக ரோட்டில் அதிகாரிகளின் வெள்ளைச் சீருடைகளை வெளுத்துத் தருகிற கடை அது. சுவரோரம் கம்பியில் வெள்ளைக் கோட்டுகள் தலையில்லாத அதிகாரிகளைப் போல வரிசையாகத் தொங்கின. தலை இல்லாததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அக்கா சொல்வாள். எந்தக் கோட்டில் சாஸ் கறை, எந்தக் கோட்டில் மதுக் கறை என்பது அவளுக்கு அத்துப்படி. கடல் தண்ணீர் பட்ட கோட்டு ஒன்றுகூட அவள் கைக்கு வந்ததில்லை.

அழுக்கு மூட்டையின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். கடற்படையில் அவனுடைய முதல் ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. நீட்டித்தால் பதவி உயர்வு, குடும்பத்தோடு தங்கக் குடியிருப்பு, அதோடு இன்னொரு பத்து வருஷம். தன் கோட்டை வாங்கிப் போக அவன் கப்பலின் கமாண்டரே இன்றைக்குக் கடைக்கு வருகிறார்; அப்போது பதிலையும் சொல்லிவிடு என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்தக் குடும்ப மாநாடு. மாநாட்டில் பேசியவர் இதுவரை மாமா ஒருவர்தான்.

"மாமா, அந்த நாலாவது விரலுக்கு நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் அக்கா. இஸ்திரிப் பெட்டியை மேஜையில் வைத்த சத்தத்தில் மாமா காதிலிருந்து விரலை எடுத்தார். "பெயின்ட்."

"அதையே பிடிச்சுத் தொங்காதம்மா. விபத்துன்னா எங்கேயும் நடக்கும்."

"விபத்தா அது?"

தம்பி கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் இல்லாத பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அதுதான் வேலை அவனுக்கு.

நடந்தது இதுதான். கப்பலுக்குள் தண்ணீரும் புகையும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகாமலிருக்க இரும்புக் கதவுகள் உண்டு. கதவின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ஓடும். கதவில் எங்கே வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம், அந்த ரப்பரில் மட்டும் ஒரு சொட்டுப் படக் கூடாது. பட்டால் விறைத்துப்போகும், லேசில் காயவும் காயாது, காயாமல் மூடினால் கதவுச் சட்டத்தோடு கடித்துக்கொள்ளும். கப்பலில் கால் வைத்த வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. கமாண்டரும் ஒரு காலத்தில் இதைப் படித்துத் தேறியவர்தான்.

ஆனால் கப்பலைப் பார்வையிடப் பெரிய தளபதி வருவதாக இருந்தது. பெரியவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடிப்பது வழக்கம். கமாண்டர் முந்தின நாள் கீழ்த்தளம் வரை இறங்கி வந்து, வெள்ளைக் கதவில் ஓடிய கறுப்பு ரப்பரைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னது இது, இரங்கல் செய்திக்குக் கட்டம் கட்டின மாதிரி? அதையும் வெள்ளையாக்கு."

"சார், ரப்பர்ல படக் கூடாதுன்னு…" என்று இழுத்தான் தூரிகையோடு நின்ற தம்பி.

"தளபதி ரப்பரைத் தடவிப் பார்க்க வரல. அடி."

அடித்தான். தளபதி வந்தார், மேல்தளத்தில் தேநீர் குடித்தார், போய்விட்டார். கீழ்த்தளத்துக்கு அவர் வரவே இல்லை. சில நாள் கழித்து, கப்பல் கரையில் கட்டப்பட்டுச் சாதுவாக நின்றுகொண்டிருந்த ஒரு பட்டப்பகலில், கீழே பம்பு அறையில் மோட்டார் கருகிப் புகைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவன் தம்பியின் கூட்டாளி. நெடுநெடுவென்று இருப்பான், எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள். கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. வெளியே தம்பியும் இன்னும் நாலு பேரும் கடப்பாரையை விட்டு நெம்பித் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான்.

உயிர் இருக்கிறது. நுரையீரல்தான் பாதிக்கு மேல் போய்விட்டது. விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஓயாமல் ஜோக்கடிக்கிறவன் அவன். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு ஜோக்கை ஆரம்பிக்கிறான், பாதியில் மூச்சு முட்டி நிறுத்திவிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் முடிவு தெரியாமலே சிரிக்கிறார்கள். அக்கா ஒருநாள் சிரித்துவிட்டு வந்து, கடையில் மூன்று சட்டைகளைக் கருக்கினாள்.

விசாரணை நடந்தது. புயல் இல்லை, எதிரி இல்லை, சுறாவுக்கு வழியே இல்லை. ஆகவே குற்றம் ஒட்டடைக்குச்சியின் மேல் விழுந்தது.

வெளியே கார் நின்றது. டிரைவர் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார்; அது எந்தத் தடங்கலும் இல்லாமல் திறந்தது. கமாண்டர் இறங்கினார். மாமா எழுந்து விறைப்பாக நின்றார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"நீங்களும் நம்ம ஆளா?" என்றார் கமாண்டர்.

"ஆமா சார். பெரிய டிரம் சார்."

"ஓ" என்றார் கமாண்டர். அதோடு மாமாவின் கடல் வாழ்க்கை முடிந்தது.

அக்கா அவருடைய கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்தாள். அடுத்த வாரம் அமைச்சர் வருகிறார். கோட்டு பலகை மாதிரி நிற்க வேண்டும், கஞ்சி கூடுதலாகப் போடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். போட்டிருந்தாள். அவ்வளவு கஞ்சி போட்டால் கோட்டுக் கையின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் ஒரு பழைய மர ஸ்கேலை உள்ளே விட்டு, ஓட்டித் திறந்துவிடுவாள். தேய்ந்து தேய்ந்து அந்த ஸ்கேலில் எண்களே இல்லை. இந்தக் கோட்டுக்கு அந்த வேலை பாக்கி. ஸ்கேலைக் கையில் எடுத்தாள்.

கமாண்டர் தம்பியின் தோளில் கை வைத்தார். "என்னப்பா, முடிவு பண்ணிட்டியா? வீட்டுல பயப்படுறாங்களா?" அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். "பயப்படக் கூடாதும்மா. ஆபத்தை எல்லாம் நாங்க அறிவியல்பூர்வமா அளக்கிறோம். அதுக்குன்னே ஒரு குழு இருக்கு. சின்ன ஆபத்து, நடுத்தரம், பெருசுன்னு பிரிச்சு வச்சிருக்கோம்."

"ரப்பர்ல பெயின்ட் அடிக்கிறது எதுல சார் வருது?"

"அது ஆபத்துல வராதும்மா. அது தோற்றப் பராமரிப்பு."

அக்காவின் கையில் ஸ்கேல் அப்படியே நின்றது.

"அந்தப் பையன் விஷயம் வருத்தம்தான்," என்றார் கமாண்டர், கோட்டின் பொத்தான்களைக் கண்ணால் எண்ணியபடி. "நல்ல பையன். ஆனா பதறிட்டான். பதறினதுல கைப்பிடியைத் தப்பான பக்கம் திருப்பியிருக்கான். நிதானமா இருந்திருந்தா வெளியே வந்திருப்பான். கடல்ல நிதானம்தான் முக்கியம்."

"கப்பல் கரையிலதான சார் நின்னுச்சு?"

கமாண்டர் அதைக் காதில் வாங்கவில்லை. தம்பியிடம் திரும்பினார். "சொல்லுப்பா. உன்னை மாதிரி ஆளுங்க கப்பலுக்கு வேணும்."

தம்பி மூட்டையிலிருந்து எழுந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. "இருக்கேன் சார். இன்னும் பத்து வருஷம் இருக்கேன்."

அக்காவின் முகத்தில் இரத்தம் ஏறியது. மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரே ஒரு விஷயம் சார். கீழ்த்தளத்துல எல்லாக் கதவு ரப்பர்லயும் பெயின்ட் இருக்கு. அத்தனையும் நான்தான் அடிச்சேன். அதை முழுசா எடுத்துட்டு, எடுக்க முடியாத இடத்துல புது ரப்பர் போட அனுமதி கொடுங்க. நாளைக்கே ஆரம்பிச்சுடுறேன்."

"ரொம்ப நல்ல யோசனை," என்றார் கமாண்டர். "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அமைச்சர் வந்துட்டுப் போகட்டும், ஆரம்பிச்சுடு."

"அதுக்கு முன்னாடியே பண்ணிடலாம் சார். அன்னைக்குத்தான் கப்பல்ல கூட்டமே இருக்கும்."

"இப்போ சுரண்டினா திட்டுத்திட்டாத் தெரியும்பா. அசிங்கமா இருக்கும்." குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அமைச்சர் போனதும் பார்ப்போம். அடுத்து வெளிநாட்டுக் கப்பல் ஒண்ணு வருது, அதுவும் போகட்டும். நிதானமாப் பண்ணலாம்."

அக்கா ஸ்கேலை மேஜையில் வைத்தாள். கோட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து, கமாண்டருக்குப் பின்னால் மரியாதையாக விரித்துப் பிடித்தாள்.

"போட்டுப் பாருங்க சார். அளவு சரியா இருக்கான்னு."

கமாண்டர் தன் மெல்லிய ஜாக்கெட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கமாக இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் நுழைத்தார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் கோட்டுப் போடுவார்கள். கைகள் முழங்கை வரை போயின, அங்கே நின்றுவிட்டன. தள்ளினார். கஞ்சி மொறமொறவென்றது, வழி விடவில்லை. வெளியே இழுத்தார். சட்டைக் கையின் பொத்தான் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டது. இரண்டு கைகளும் பின்னால் தூக்கியபடி, பறக்க முயன்று தோற்ற ஏதோ ஒரு பறவையைப் போல, தொப்பி கோண, அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். கழுத்து சிவந்தது.

"என்னம்மா இது? வரலையே."

"பதறாதீங்க சார்," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "பதறினா கை தப்பான பக்கம் திரும்பிடும். நிதானமா இருந்தா வெளியே வந்துடலாம்."

டிரைவர் கையிலிருந்த ஜாக்கெட்டைத் தன் வாய் வரை உயர்த்திக்கொண்டார். மாமாவின் தொண்டையிலிருந்து, டிரம்மைத் தவறான இடத்தில் அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. கமாண்டர் மறுபடியும் ஒருமுறை உதறினார். எங்கேயோ தையல் விட்டது.

தம்பிதான் வந்தான். ஸ்கேலை எடுத்து, கோட்டின் கைக்குள் விட்டு ஓட்டி, பொத்தானை விடுவித்து, அவரை வெளியே எடுத்தான். பிறகு கோட்டை ஒழுங்காக மடித்து டிரைவரிடம் கொடுத்தான்.

"நான் இருக்கல சார்," என்றான். "ரெண்டு மாசம் முடிஞ்சதும் கிளம்பிடுறேன்."

கமாண்டர் தொப்பியை நேராக்கினார். "அந்த ரெண்டு மாசமும் நீ என் கப்பல்லதான் இருக்கே. அதை ஞாபகம் வச்சுக்கோ." வாசலில் நின்று கடைப் பலகையை ஒருமுறை படித்தார். கார் போய்விட்டது.

அக்காவின் கோபம் இப்போது தம்பியின் மேல் பாய்ந்தது. "உன்னை யாருடா பிடுங்கி விடச் சொன்னா? கொஞ்ச நேரம் கிடந்திருந்தா என்ன கெட்டுப்போச்சு? ஒட்டடைக்குச்சி உள்ள எவ்வளவு நேரம் கிடந்தான்?"

"மாட்டிக்கிட்டு முழிக்கிறவனைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியலக்கா. யாரா இருந்தா என்ன."

"அப்படியே அவர் கையில பத்து வருஷத்தையும் தூக்கிக் கொடுக்கப் பார்த்தியே."

"கதவுக்காகத்தான்க்கா கொடுத்தேன். அதைக்கூட அவர் வாங்கிக்கல."

மாமா கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை விரித்து, நான்காவது விரலை நிமிர்த்தி, அதைத் தெருப் பக்கம் நீட்டினார். "இந்த ஆளை நான் கணக்குல சேர்க்கலம்மா," என்றார். "ரெண்டு மாசத்துல இவனை என்ன வேணா பண்ணுவாரே."

"பண்ணட்டும்," என்றான் தம்பி. "அக்கா, இந்த ஸ்கேலை நான் எடுத்துக்கவா?"

"எதுக்கு?"

"கத்தியை வச்சுச் சுரண்டினா ரப்பர் வெட்டுப்பட்டுடும். மரம்தான் சரி. இது நல்லாத் தேஞ்சிருக்கு. தினம் ரெண்டு கதவு பண்ணினாக்கூட, அமைச்சர் வர்றதுக்குள்ள பம்பு அறைப் பக்கம் முடிச்சுடலாம்."

"திட்டுத்திட்டாத் தெரியும்டா. எல்லார் முன்னாடியும் உன்னை நிக்க வச்சுக் கிழிப்பாங்க."

"தெரியட்டும்னுதான்."

அக்கா கம்பியைப் பார்த்தாள். அமைச்சர் வருகைக்காகக் கஞ்சி போட்டு இறக்கிய வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றுக்கும் இன்னும் கை திறந்துவிடவில்லை.

"எடுத்துட்டுப் போ," என்றாள். "இனிமே இந்தக் கடையில யாருக்கும் நான் கையைத் திறந்து விடுறதா இல்ல."