பேரம் மாஸ்டரின் பதினேழு நிமிடங்கள்

பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுக்கக் கிளம்பும் முன் பேரம் மாஸ்டர் மனைவிக்கு வகுப்பெடுத்தார். வகுப்பெடுப்பது அவர் தொழில். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேரம் பேசும் கலையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் வழங்குவார். வீட்டுக்குக் காய்கறி வாங்குவது மட்டும் மனைவி. மாஸ்டரை அனுப்பினால் சொன்ன விலைக்கு ஒரு பை அழுகல் வந்து சேரும்.

"புதுக் கார் பிடிச்சிருக்குன்னு மூஞ்சில காட்டிடாத. நம்ம வண்டிக்கு ஷோரூம்காரன் விலை சொன்னதும் நான் வாயே திறக்க மாட்டேன். முதல்ல பேசுறவன் தோத்தான். இதுக்குப் பேரு மௌன உத்தி."

"அரை நாள்தான் லீவு, ரெண்டு மணிக்கு நான் வேலைக்குப் போகணுங்க. எனக்குத் தெரிஞ்ச உத்தி அதுதான்."

அவசரம் அவளுக்கு. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் கிளட்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளட்ச் இல்லாத கார் வரும் வரை கணவர்தான் டிரைவர். ஐந்து மாதமாகப் பல் மருத்துவமனைக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், வழி நெடுக வாழ்வில் உயர்வது எப்படி என்ற உரை. பல் டாக்டரின் உதவியாளர் அவள். வாயைப் பிளந்தபடி பதில் பேச முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்தால், காரில் தான் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும்.

ஏற்கெனவே இரண்டு ஷோரூம்களில் மாஸ்டர் 'எழுந்து போகும் உத்தி'யைப் பிரயோகித்திருந்தார். எழுந்து போனார்கள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஊரில் மிச்சம் இருந்தது இந்த ஒரு ஷோரூம்தான்.

பழைய வண்டியை மதிப்பிட வந்தவர் ஒல்லியான மனிதர். பானட்டைத் தூக்கிப் பார்த்தார், தரையில் படுத்து டார்ச் அடித்தார், இடது கதவை விரலால் தடவினார். பிறகு மேசைக்கு வந்து, ஒரு சீட்டில் தொகையை எழுதித் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மாஸ்டர் சீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மௌனமானார்.

மதிப்பீட்டாளரும் கூரையைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் போயிற்று. தண்ணீர் வைக்க வந்த பெண், துக்க வீட்டில் நுழைந்தவள் போல் ஓசைப்படாமல் திரும்பிப் போனாள். பத்தாவது நிமிடம் மாஸ்டர் இருமினார். இருமல் பேச்சில் சேருமா என்ற ஆவலோடு மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார். சேராது என்று முடிவுகட்டி மறுபடி கூரைக்குப் போனார். பதினேழாவது நிமிடம் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றரை.

"சார், நீங்க எதுக்குப் பேசாம இருக்கீங்க?" என்று மதிப்பீட்டாளரைக் கேட்டாள்.

அவர் மாஸ்டரைப் பயபக்தியோடு பார்த்தார். "சார் வகுப்புக்கு எங்க கம்பெனி என்னை அனுப்புச்சு மேடம். முன் வரிசையில இருந்தேன். சார் முன்னாடியே தப்பு பண்ணிடக் கூடாதுன்னுதான்."

மாஸ்டர் முகத்தில் பெருமையும் பீதியும் ஒன்றாக வந்து, இடம் போதாமல் நெருக்கிக்கொண்டன.

"சரி, நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க. ஏன் இவ்வளவு கழிச்சிருக்கீங்க?"

"அடியில எண்ணெய்க் கசிவு இருக்கு மேடம். இஞ்சினைப் பிரிக்க வேண்டி வரலாம். இடது கதவுல புதுப் பெயின்ட்டு, பெரிய விபத்தா இருக்கலாம். தெரியாததுக்கெல்லாம் சேர்த்துத்தான் கழிப்போம்."

மாஸ்டர் மேசைக்கடியில் மனைவியின் காலை மிதித்தார். நல்லவேளை, வலது கால்.

"கசிவு போன மாசமே சரி பண்ணியாச்சு, கறையைத்தான் துடைக்கலை," என்று அவள் பையிலிருந்து பில்களை எடுத்தாள். "கதவுக்கு விபத்தெல்லாம் இல்லை. இவரு போன்ல யாருக்கோ தன்னம்பிக்கை சொல்லிக்கிட்டே எங்க வீட்டு கேட் தூண்ல உரசிட்டாரு. அந்த பில்லும் இருக்கு. பின் கதவுக் கண்ணாடி இறங்கினா ஏறாது. அதை நீங்க பார்க்கலை, கழிச்சுக்குங்க."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் பில்களோடு போய், கறையைத் துணியால் துடைத்து, இஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி படுத்துப் பார்த்தார். மேலாளரிடம் பேசிவிட்டு வேறு சீட்டு கொண்டுவந்தார். கண்ணாடிக்குக் கழித்திருந்தது. கழித்தும், மாஸ்டர் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"பார்த்தியா," என்றார் மாஸ்டர், குரல் திரும்பியதும். "ரெண்டு பேரையும் எப்படிப் பேச வச்சேன்."

மதிப்பீட்டாளர் அவசரமாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் புதுக் கார் வந்தது. முதல் நாள் காலை மாஸ்டர் சாவிக்குக் கை நீட்டினார். அவள் ஏற்கெனவே சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பி முடித்திருந்தாள்.

"உங்களுக்கு பத்து மணிக்குத்தானே வகுப்பு? பஸ் இருக்கு," என்று கையசைத்துவிட்டுக் கிளம்பினாள். இடது கால் வேலையில்லாமல் ஓரமாக நீட்டிக் கிடந்தது. இருபது நிமிட வழியை முப்பத்தைந்து நிமிடம் ஓட்டினாள்: வழியிலிருந்த பாலத்தைச் சுற்றி ஒரு தரம், தேவையே இல்லாமல் இன்னொரு தரம்.