தள்ள ஆள் வேண்டாத வண்டி

1

இந்தக் கதை எனக்குத் தூக்கத்தில் வந்தது. பனி மூடிய வயல் நடுவே ஒரு வெள்ளை அம்பாசடர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நாலைந்து பேர் அதைத் தள்ளினார்கள். அவர்களுக்கு முகம் இல்லை. முகம் வைத்துப் பார்க்கலாம் என்று எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடையில், செல்லதுரை என்கிற பம்ப்செட் மெக்கானிக்...'

(ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: காவிரியில் தண்ணீர் வராத அந்த வருடம், வேலையில்லாமல் கிடந்த செல்லதுரை, பண்ணை வீட்டு வாரிசுகள் விற்ற பழைய அம்பாசடரை வாங்கி வந்து மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினான். மனைவி மலர்கொடியை உட்காரவைத்து ஊரைச் சுற்றிவர ஆசை. அவள் வண்டியின் கிட்டேகூட வரவில்லை.

இது பரவாயில்லை.

3

ஏன் வரவில்லை? கோபக்காரி என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. கடைசியில் அவளே புருஷனிடம் சொன்னாள். பெண் எடுத்த ஊரிலேயே குடியேறியவன் என்றாலும் அவனுக்கு இது தெரியாது.

"கூலி நெல்லு கூடக் கேட்டதுக்கு எங்கப்பாவ அடிக்கப் பண்ணைக்காரங்க இந்த வண்டியிலதாங்க வந்தாங்க. அடிச்சுட்டுக் கெளம்புனா ஸ்டார்ட் ஆவல, இருமிக்கிட்டே நின்னுச்சு. அடிவாங்குன எங்கப்பாவையே தள்ளச் சொன்னாங்க. தள்ளுனாரு."

கனவில் தள்ளியவர்களில் ஒருவருக்கு முகம் வந்துவிட்டது.

4

விற்றுத் தொலைக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், செல்லதுரை கேட்கவில்லை. இருமுவது கார்புரேட்டர்தான், அதைக் கழற்றிவிட்டால் இந்த வண்டியை இனி எவரும் தள்ள வேண்டாம் என்றான். கூத்தாநல்லூர் பக்கம் மோதி நொறுங்கிய ஒரு காரின் இன்ஜெக்டர்களையும், மின்சாரப் பம்பையும், அவற்றுக்கு மூளையான பெட்டியையும் வாங்கிவந்து கொட்டகையிலேயே மாட்டினான்.

[பழையது பெட்ரோலைக் காற்றோடு உறிஞ்சவிடும், புதியது அளந்து பீய்ச்சும். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.]

புதுப் பம்ப் தேவைக்கு மேலேயே பெட்ரோலை அனுப்பும். மிச்சம் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய்க்கான வாயைச் செல்லதுரை வேண்டாததென்று அடைத்துவிட்டான்.*

* வாய்க்கால் முடிகிற கடைமடைக்காரன். போன தண்ணீர் திரும்பி வந்து அவன் பார்த்ததே இல்லை.

5

ஒரே ஒரு தடவை என்று அவன் கெஞ்சியதால் மலர்கொடி ஏறினாள். மார்கழிப் பனிக்குள் வண்டி மிதந்து போனது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், அதை இன்னும் நீட்டியிருப்பேன்.

தெருமுனையில், அப்பா தள்ளிய அதே இடத்தில், திரும்ப வழியில்லாத பெட்ரோல் தேங்கி, வண்டி இருமி நின்றது.

ஜனங்கள் வந்தார்கள். பழக்கம் விடுமா, பின்னால் போய்க் கைவைத்தார்கள். இப்போது எல்லாருக்கும் முகம் இருந்தது.

மலர்கொடி இறங்கினாள்.

"யாரும் கை வைக்காதீங்க. நிக்கட்டும்."

6

முடிவுகள். ஒன்று, அவள் வண்டியைக் கொளுத்துகிறாள். சினிமா. இரண்டு, வண்டி தானாகக் கிளம்புகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்று, அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து

இல்லை, போகவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே செல்லதுரை அடைத்த வாயைக் கண்டுபிடித்து, தெருவிலேயே மல்லாந்து படுத்து, திரும்பும் குழாயை மாட்டிவிட்டான். மலர்கொடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைப் பிடித்திருக்கிறாள். ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். சாவியைத் திருகுவது உங்கள் பாடு. கிளம்பாவிட்டால் குழாயை மறுபடி பாருங்கள், பனி விலகக் காத்திருங்கள், வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள். தள்ள மட்டும் யாரையும் கூப்பிடாதீர்கள்.