கழுவிய கற்கள்

கோடையில் ஊற்றுத் தண்ணீர் சூடேற ஆரம்பித்ததிலிருந்து தொமொஹாருவுக்குச் சோறே இறங்கவில்லை. அவன் பயிரிடும் வசாபி என்னும் காரத்தண்டுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் சில்லென்று. கொஞ்சம் வெதுவெதுத்தாலும் தண்டு உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். கீழ்ப் பாத்திகளில் பிடுங்கியதில் பாதி கறுப்பு. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் அத்தனை பாத்திகளுக்கும் மேலே, பாறையிலிருந்து ஊற்று வெளிவரும் இடத்தில், ஒரு பாத்தி மட்டும் நடாமல் கிடந்தது. அங்கே எந்தக் கோடையிலும் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும்.

அதை நடாமல் வைத்திருந்தது அவன் மனைவி சாயோ. நிலம் அவள் வீட்டு நிலம். அவன் அவள் குடும்பப் பெயரை ஏற்று வந்த வீட்டோடு மாப்பிள்ளை. அந்தக் கற்களுக்கடியில்தான் சாலமாண்டர்கள் முட்டையிடும். விரல் நீளம், பழுப்பு நிறம், பல்லியா தவளையா என்று முடிவு செய்யாமலே பிறந்துவிட்ட மாதிரி ஒரு பிராணி. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சாயோ ஒவ்வொரு வசந்தத்திலும் போய் அதுகளின் முட்டையைப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த வருடப் புயலில் மேலே தேவதாருக் காட்டுச் சரிவு சரிந்து, சேறு முழுக்க அந்தப் பாத்தியில் வந்து இறங்கியது. அன்று சாப்பிடும்போது அவளேதான் பேச்சை எடுத்தாள்.

"இனி அதுங்க வருமான்னு தெரியலங்க. பனி கரையட்டும், போய்ப் பாக்கறேன். முட்டை இருந்தா நாம யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. இல்லேன்னா நீங்க நட்டுக்குங்க."

"நெசமாவா சொல்ற?"

"அழுகுன தண்டையே பாத்துட்டு எத்தனை நாள் உக்காந்திருப்பீங்க? எனக்கும் கண்ணு இருக்குல்ல."

விஷயம் பக்கத்துப் பள்ளத்தாக்கு குமாஜோ வரைக்கும் போய்விட்டது. அவரும் வசாபிக்காரர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"என்ன மாப்ள, மாமனார் வீட்டுத் தண்ணியில பல்லி வளக்கிறியாமே? சோயா சாஸ்ல தொட்டுத் திங்கவா?"

"நீங்க தின்னு பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. ருசியா இருந்தா வித்துப்புடலாம்."

"விளையாட்டில்லடா. ஒண்ணு ரெண்டு கல்லைப் பொரட்டி விட்டா முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்தி உனக்கு."

"அந்தப் பேச்சு வேணாம்ணே," என்று சொல்லிவிட்டுத் தொமொஹாரு எழுந்து வந்துவிட்டான்.

ஆனால் மறுநாள், உதிர்ந்த இலைகளை மிதித்தபடி மேலே போய்ப் பார்த்தான். கற்களின் இடுக்கெல்லாம் சேறு. வசாபிக்காரன் கைக்கு அது தாங்காது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் பாத்திக் கற்களைப் புரட்டிப் போட்டு, தண்ணீர் தெளிகிற வரை அலசிவிட்டுத்தான் மறு நாற்றே வைப்பார்கள். மண் அடைத்த கல்லுக்கிடையில் தண்ணீர் மூச்சு விடாது. வசந்தத்தில் அதுகள் வந்தால் எங்கே முட்டையிடும்? சாயோ வெறுங்கையோடு இறங்கி வரும் முகத்தை நினைத்துப் பார்த்தான். முட்டை இல்லாவிட்டால் பாத்தி தனக்கு என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். கல் கல்லாக எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தான். விரல்கள் மரத்துப்போயின. மனசு மட்டும் நிறைந்திருந்தது. சாயோவிடம் மூச்சு விடவில்லை. அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

பனி கரைந்தது. இருவரும் மேலே ஏறினார்கள். சாயோ குனிந்து ஒரு கல்லைத் தூக்கினாள். இன்னொன்றைத் தூக்கினாள்.

"ஏங்க, கல்லெல்லாம் ஏன் இவ்ளோ சுத்தமா இருக்கு?"

"நான்தான் கழுவினேன்." அவன் சிரித்தான். "அதுங்க வந்தா எடம் வேணும்ல?"

"எப்பக் கழுவினீங்க?"

"பனி விழறதுக்கு முன்னாடி. நீ எப்பவும் பனி கரைஞ்சப்புறந்தானே பாப்ப?"

"நான் பாக்கறதுதாங்க அப்புறம். அதுங்க இலை உதுரும்போதே போட்டுடும்." அவள் குரல் இறங்கியது. "அடிப்பக்கமும் தேச்சீங்களா?"

"அங்கதான் வழவழன்னு ஒரே பாசி..."

சொல்லும்போதே அவன் பார்வை தன் விரல்களுக்கு இறங்கியது.

சாயோ கீழே அடுத்த பாத்திக்கு இறங்கி, வசாபி வேர்களுக்கிடையில் விரலை விட்டுத் துழாவினாள். திராட்சைத் தோல் மாதிரி, கிழிந்த முட்டைப் பை ஒன்று கையில் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ்ளோ சேத்துலயும் வந்திருக்குங்க."

"சாயோ, சத்தியமா நான் பாத்திக்கு ஆசப்பட்டு..."

"தெரியும். வேணும்னே பண்ணியிருந்தா நல்லாருந்திருக்கும். கத்தியாவது தீத்திருப்பேன்."

"இது இப்படியே கெடக்கட்டும். நான் நடல."

"கோடையில கீழ மிச்சமும் அழுகிடும். அப்புறம் எதைத் திங்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய் நாத்தை எடுத்துட்டு வாங்க."

நாள் முழுக்க நட்டார்கள். கடைசி வரிசையில், ஊற்று வெளிவரும் பாறையடியில் அவன் நாற்றோடு குனிந்தபோது சாயோ அவன் கையைப் பிடித்தாள்.

"இங்க மட்டும் வேணாம்."

"வருமா?"

"தெரியலயே."

அந்தக் கொஞ்சம் இடத்துக் கற்களில் பனி கரைந்த தண்ணீர் கொண்டுவந்த மண் புதிதாகப் படிந்திருந்தது. தொமொஹாரு அதைத் தொடாமல், இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றான்.