கோள் சொல்லாத ஆமை

ஐஸ் பெட்டியின் வயர் சுவர் வரைக்கும் எட்டவில்லை. பக்கத்துப் போர்ஷனில் குடியிருப்பவர்களிடம் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து, அப்பாவின் தலைமாட்டில் குனிந்து எழிலரசன் மாட்டிக்கொண்டிருந்தபோது வெளியே கார் வந்து நின்றது. முன்கண்ணாடியில் அப்பாவின் கம்பெனி பாஸ் ஒட்டிய வெள்ளைக் கார். அதிலிருந்து அக்கா ஐஸ்வர்யா இறங்கினாள்.

பந்தலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கம்பெனி எச்.ஆர். வாசுதேவ் எழுந்து நின்றார். ஊர்ப் பெரியவர்கள் வந்தபோது நாற்காலியிலிருந்து அசையாத மனிதர்.

"வாங்க மேடம்."

ஐஸ்வர்யா அவருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அம்மா கனகம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். இருவரும் பெட்டியின் மேல் விழுந்து அழுதார்கள். அழுகை ஓய்ந்து, யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்து, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகும் தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பை இறங்கவில்லை. சாவு வீட்டுக்கு எதற்கு அது என்று எழிலரசன் யோசித்தான். கம்பெனி காரில் எதற்கு வந்தாள் என்றும் யோசித்தான்.

அப்பா அண்ணாதுரை வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், ஸ்டோரில் வேலை பார்த்தார். முந்தின நாள் பகல் ஷிப்டில் விழுந்து இறந்துபோனார். ஹார்ட் என்று பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழிலரசனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அந்த ஸ்டோரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற தட்டையான வண்டிகள் இருந்தன. முழங்கால் உயரம், முதுகில் சாமான் பெட்டி. ஆட்கள் அவற்றை ஆமை என்பார்கள். ஆமைகளுக்கு வழி போட்டுத் தந்தது அக்காவின் ஆராய்ச்சி. மேலே ஒருவர் உட்கார்ந்து உத்தரவு போட வேண்டாம். ஒவ்வொரு ஆமையும் பக்கத்து ஆமையோடு பேசி, யார் முதலில் போவது, யார் ஒதுங்குவது என்று தானே முடிவு செய்துகொள்ளும். சென்னையில் அதை எழுதித்தான் அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். முதன்முதலாக அதை ஓட்டிப் பார்த்தது அப்பாவின் ஸ்டோரில். அன்றைக்கு அப்பா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் சுபாஷ் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பாவோடு ஒரே ஸ்டோர். எழிலரசனோடு ஒன்றாகப் படித்தவன். எழிலரசன் அவனிடம் போனான்.

"இன்னாடா, காத்தாலேர்ந்து மூஞ்சியே காட்ட மாட்டேன்ற?"

"வேல கீதுடா."

"ஆமை இட்ச்சிச்சா?"

"இடிக்கல எழிலு. நான்தான தூக்கனேன். ஒரு கீறல் கெடையாது. அம்மா மேல சத்தியம்."

"கழுவுன டம்ளரையே கழுவிகினு கீறியே. அப்ப வேற இன்னா?"

சுபாஷ் டம்ளரைக் கவிழ்த்தான். "ரேக்குக்கு நடுவுல, கடைசி சந்துல உழுந்து கெடந்தாரு. டீக்கு வரல. பெருசு எங்கனா குந்திகினு கீதுன்னு நெனச்சோம். சாப்பாட்டுக்கும் வரல. ஷிப்ட் முடிஞ்சி கெளம்பச்சொல்லோ, அவரு பை தொங்குதேன்னு தேடிகினு போனோம்."

"அது வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியல?"

"லைன் நிக்கலடா. சாமான் வந்துகினே இருந்துச்சி. நின்னாத்தான போயிப் பாப்போம்? நேத்து டார்கெட்டு கூட தாண்டிச்சி." சொல்லி முடித்ததும், சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் டம்ளர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பந்தலுக்குத் திரும்பியபோது வாசுதேவ் அவன் தோளில் கை வைத்துத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, இருங்காட்டுக்கோட்டையில கான்ட்ராக்ட்லதானே இருக்கீங்க? அப்பா இடம் நம்மகிட்ட காலியாதான் இருக்கு. பெர்மனன்ட். மேடம் ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டாங்கன்னா மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இன்னா ரிப்போர்ட்?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. சிஸ்டம் சரியா வேலை செஞ்சுதுன்னு."

"அக்கா சரின்னுச்சா?"

"வர்ற வழியில போன்ல பேசினேன். பாத்துட்டு சொல்றேன்னாங்க. படிச்சவங்க, புரிஞ்சுப்பாங்க."

எழிலரசன் உள்ளே தேடினான். அம்மாவின் பக்கத்தில் அக்கா இல்லை. பின்பக்கம், காலியாகக் கிடந்த வாடகைப் போர்ஷனின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். வெறுந்தரையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அழிச்சினு கீற?"

அவள் நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "எதையும் அழிக்கலடா. கதவ சாத்து."

"அவன் எனக்கு வேல தரேன்றான். உனக்கு இன்னா தரேன்னான்?"

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

ஸ்டோரின் வரைபடம். மேலிருந்து பார்ப்பதுபோல் ரேக்குகள், சந்துகள். ஒவ்வொரு ஆமையும் நேற்று போன தடம் ஒரு கோடு. நூற்றுக்கணக்கான கோடுகள் நேராக ஓடின. கடைசி சந்தில் மட்டும், ஓரிடத்தில், வகிடு எடுத்த தலைமுடிபோல் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி சேர்ந்துகொண்டன. பிரிந்த இடத்தின் நீளம் ஒரு ஆள் படுத்திருக்கும் அளவு.

"மொதல்ல வந்த ஆமை கிட்ட போயி நின்னுருக்கு" என்றாள். விரல் திரையைத் தொடவில்லை. "இங்க தடை இருக்குன்னு மத்ததுங்களுக்கு சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் வந்தது ஒன்னுகூட நிக்கல. தூரத்துலேர்ந்தே ஒதுங்கிப் போயிருக்கு."

"மனுசன்னு தெரியாதா அதுக்கு?"

"அட்டப்பொட்டியும் மனுசனும் அதுக்கு ஒன்னுதான்."

"சைரன் ஊதும்னு அப்பா சொல்லுவாரே."

அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

காணும் பொங்கல். வாழை இலையில் கறிக்குழம்பு. அப்பா கையை உதறிக்கொண்டு சொன்னார்: "உன் ஆமைக்கு கொஞ்சம் மரியாத கத்துக் குடு பாப்பா. ஒருத்தன் குறுக்க நின்னா போதும், அது நிக்கிது, சைரன் ஊதுது, சூப்பர்வைசர் ஓடியாறான், பேரு எழுதிக்கிறான். மனுசன் செத்த குந்தி டீ குடிக்க முடியல. சுத்திகினு போனா கொறஞ்சா பூடும்? கோள் சொல்ற வண்டியெல்லாம் ஒரு வண்டியா?" அக்கா சிரித்து, இலையில் சோற்றுப் பருக்கைகளை வரிசையாக வைத்து, நடுவில் ஒரு எலும்பை வைத்து, எப்படிச் சுற்றிப் போகும் என்று காட்டினாள். அடுத்த மாதமே மாற்றிக் கொடுத்தாள். லைன் நின்றால் ஒழிய யாரிடமும் சொல்லாது. ஸ்டோர் ஆட்கள் அப்பாவுக்கு டீ வாங்கித் தந்தார்கள். என் பொண்ணோட ஆமை கோள் சொல்லாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் கம்பெனிக்கும் ஒன்று செய்துகொடு என்று அன்றைக்கு எழிலரசனும் கேட்டிருந்தான்.

"உழுந்தப்பவே பூட்டாரா?" என்றான். "இல்ல கொஞ்ச நேரம்..."

"தெரியல." அவள் திரையில் இரண்டு கோடுகளைப் பெரிதாக்கினாள். முதல் கோட்டின் வளைவும் பின்னால் வந்த கோட்டின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. தடை கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். அவள் மூடிவிட்டாள்.

வெளியே மாமா குரல் கொடுத்தார். "எழிலு, எடுக்கலாம்பா. வெயில் ஏறுது."

வாய்க்கரிசி போட்டு முடித்த பிறகு, பாடை கட்டிக்கொண்டிருந்த சந்தடியில், வாசுதேவ் அக்காவின் அருகில் வந்தார். எழிலரசன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டிக்காகக் காத்து நின்றிருந்தான். கேட்கும் தூரம்தான்.

"மேடம், இந்த நேரத்துல கேக்கக்கூடாது. அந்த ரிப்போர்ட்..."

"எழுதறேன் சார். சிஸ்டம்ல கோளாறு எதுவும் இல்ல. எப்படி நடக்கணும்னு நான் எழுதி வச்சனோ அப்படியேதான் நடந்துருக்கு."

"ரொம்ப நன்றி மேடம்."

"அப்பா எப்ப விழுந்தாரு, எத்தினி ஆமை சுத்திப் போச்சு, எதுவுமே ஏன் சொல்லலன்றதும் அதுல இருக்கும். சொல்ல வேணாம்னு வச்சது நான்தான்னும் இருக்கும். லேபர் ஆபீசுக்கு ஒன்னு, உங்களுக்கு ஒன்னு."

வாசுதேவ் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "யோசிச்சு செய்யுங்க மேடம். தம்பியோட வேலையும் இதுல இருக்கு."

அக்கா திரும்பி எழிலரசனைப் பார்த்தாள். மாமா சட்டியை அவன் கையில் தொங்கவிட்டார். கனம் அவன் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. "எனுக்கு வேல கீது சார்" என்றான்.

மேளம் முன்னால் போயிற்று. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் அவர்கள் வருவதில்லை. அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ரோட்டை அகலப்படுத்தியபோது சுடுகாடு அந்தப் பக்கம் போய்விட்டது. சாவு எடுக்கிறவர்கள் ஒரகடம் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். சிக்னல் கிடையாது. சட்டியைப் பிடித்தபடி எழிலரசன் தார் ரோட்டில் கால் வைத்தான். கம்பெனி பஸ் ஒன்று ஹார்ன் அடிக்காமல் லேசாக வளைந்து அவனைத் தாண்டிப் போனது. பின்னால் ஒரு கன்டெய்னர். அதுவும் வளைந்தது. பைக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து, பாடையைத் தாண்டியதும் சேர்ந்துகொண்டன. எவரும் மோதவில்லை. எவரும் நிற்கவில்லை. பாடை தூக்கியவர்கள் நடுரோட்டில் மாட்டிக்கொண்டு ஒரு அடி முன்னும் ஒரு அடி பின்னுமாகத் தள்ளாடினார்கள்.

பின்னாலிருந்து யாரோ ஓடி வரும் சத்தம். "ஏம்மா, நீ எங்க வர்ற?" என்று மாமா கத்தினார்.

அக்கா செருப்பில்லாமல் அவனைத் தாண்டிப் போய், புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வந்த நீள லாரிக்கு நேர் எதிரே நின்று, வலது கையைத் தூக்கினாள். லாரி வளையப் பார்த்தது. அவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். பிரேக் அலறி, பம்பருக்கும் அவளுக்கும் ஒரு கை இடைவெளியில் வண்டி நின்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. பஸ் ஜன்னல்களில் யூனிஃபார்ம் போட்டவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாடை கடந்தது. மேளம் கடந்தது. கடைசியாகப் பொரி இறைத்துக்கொண்டு வந்தவரும் கடந்துவிட்டார். அந்தப் பக்கக் கரையில் ஏறிய எழிலரசன் திரும்பிப் பார்த்தான்.

ரோடு காலியாக இருந்தது. லாரி டிரைவர் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு இஞ்சினை அணைத்திருந்தார். அக்காவின் கை இன்னும் இறங்கவில்லை.